சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பாதி வீண்
கணைய அழற்சிக்குப் பிறகு அப்பாவுக்குச் செரிமானத்துக்கான என்சைம் கேப்ஸ்யூல் கொடுத்தும் மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறது, எடையும் இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். எப்போது போடுகிறார்? நானும் இங்கே மும்பை செம்பூரில் ஆறு மாதம் கையைக் கழுவிவிட்டு வந்துதான் போட்டேன். யாரும் சொல்லவில்லை! முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் மிச்சம். சோற்றோடு சேர்ந்து இறங்கினால்தான் கொழுப்பு செரிக்கும். மெல்லக் கூடாது, சூடான டீயோடும் வேண்டாம். வடாபாவ் மாதிரி நொறுக்குத் தீனிக்கும் தேவை, என் சட்டைப் பையில் எப்போதும் நாலு கிடக்கும்.

அப்புறம், அட்டையில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட்டில் தொடங்குவது வழக்கம். 10,000 என்றிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், வைட்டமின் டி, சர்க்கரை அளவையும் சேர்த்து. எண்ணெயை மட்டும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், எடை இன்னும் இறங்கும்.