நுண்கலைப் பட்டத்துக்குக் கடன் வாங்கலாமா?

மகள் நுண்கலை படிக்க ஆசைப்படுகிறாள், வாங்கும் கடனைச் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. சிங்கப்பூரில் புதிய பட்டதாரிகளிடம் எடுக்கும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில் வரும் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) முழுநேர நிரந்தர வேலையில் இருப்பவர்களுடையது மட்டுமே. ஓவியம் படித்தவர்களில் பலர் தனித்தொழில் செய்கிறார்கள்; அவர்கள் வருமானம் அந்த எண்ணில் இல்லை. என் அக்கா மகள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித் தருகிறாள். நடுவில் ஒரு கடைக்குச் சுவரோவியம் வரைந்தாள், பணம் மூன்றாம் மாதம்தான் கைக்கு வந்தது. கடன் தவணையோ மாதாமாதம் வரும். ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளி தரும், சம்பளத்தில் 17 விழுக்காட்டுப் பங்கும் தனித்தொழிலில் கிடையாது.

அப்புறம், எந்தக் கடன் என்பது முக்கியம். கல்வி அமைச்சின் கல்விக்கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. உங்கள் சேமநிதியிலிருந்து எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி சேரும். படிப்பு முடிந்து ஓராண்டில் மகள் அதை ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்கவேண்டும். அது உங்கள் ஓய்வுக்காலப் பணம், மறந்துவிடாதீர்கள்.

30,000 வெள்ளியை 4 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 300 வெள்ளி. வேலை குறைவான மாதத்திலும் அவளால் அதைக் கட்ட முடியுமென்றால், என்னைக் கேட்டால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். முடியாதென்றால் கடன் தொகையைக் குறைக்கப் பாருங்கள். லசால் கலைக் கல்லூரி, நன்யாங் நுண்கலைக் கழகம் இரண்டிலும் உதவிநிதி பற்றி விண்ணப்பத்துக்கு முன்பே விசாரியுங்கள்.