எத்தனை பேர் என்ற கேள்வி

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டினார். மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகு அதே தோட்டத்தில் உரம் போடும் வேலைக்கு மாற்றப்பட்டார். நான் மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரத்தில் இளங்கலை முடித்து, இரண்டு ஆண்டுகளாக ஈப்போவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். முதுகலை படிக்க விரும்புகிறேன். எம்.பி.ஏ. படித்தால்தான் சம்பளம் உயரும் என்கிறார் மாமா. எனக்கோ தோட்டத் தொழிலாளர்களின் சம்பளத்தைப் பற்றி ஆராய வேண்டும் என்று இருக்கிறது. பொதுப் பொருளாதாரம், வேளாண் பொருளாதாரம், தொழிலாளர் பொருளாதாரம், சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்று பிரிந்து கிடப்பவற்றில் எதை எடுப்பது? கணிதத்தில் நான் சுமார்தான். என் வீட்டுக் கதையையே ஆய்வுப் பொருளாகக் கொண்டுபோனால் பேராசிரியர்கள் குறைவாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் உண்டு. அம்மா தம் சம்பளச் சீட்டுகளை ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். அதைத் திறக்கும்போதெல்லாம் இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

எம்.பி.ஏ.வை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். நிறுவனத்தை நடத்துவது எப்படி என்பதைக் கற்றுத்தரும் படிப்பு அது. சம்பளம் ஏன் இந்த அளவில் நிற்கிறது என்று கேட்பவருக்கு அதில் விடை கிடைக்காது. மாமா சொல்வதிலும் தவறில்லை. அவர் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் இறுதியில் நான் வேளாண் பொருளாதாரத்தில் முதுகலைக்காக என் ஆய்வு முன்வரைவை வாசித்தபோது, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன குடும்பங்கள் பல நலிந்துபோயின என்று உருக்கமாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எதிரே அமர்ந்திருந்த பேராசிரியர், "எத்தனை குடும்பங்கள்?" என்றார். "பல" என்றேன். "போகாமல் லயத்து வரிசை வீட்டிலேயே இருந்திருந்தால் அவர்களுடைய நிலை என்னவாக இருந்திருக்கும்?" என்று அடுத்து கேட்டார். லயத்தில் பிறந்தவன் நான், நீங்கள் யார் கேட்பதற்கு என்று உள்ளுக்குள் கோபம் வந்ததே தவிர, பதில் வரவில்லை. நான் பார்த்து வளர்ந்ததை யாரும் குறைவாக நினைக்கவில்லை. அதை நான் எண்ணிக் காட்டவில்லை என்பதுதான் குறை. உங்களுக்கும் அதுவே நேரும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் கோபம் குறையும்.

ரப்பரின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. விலைச் சரிவைத் தடுக்க 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டமும், 1934-இல் தொடங்கிய அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் ஒவ்வொருவரும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு விதித்தன. சிறுதோட்டக்காரர்களின் மரங்கள் நெருக்கமாக நடப்பட்டவை, பட்டையைக் கண்டபடி சீவிவிடுகிறார்கள், ஆகவே விளைச்சல் நீடிக்காது என்பது அன்றைய துரைமார்களும் அதிகாரிகளில் பலரும் கொண்டிருந்த எண்ணம். 1946-இல் மலாயாவுக்கு வந்து சிறுதோட்டங்களை நேரில் பார்த்த பீட்டர் பாவர் என்ற பொருளாதார அறிஞர், 1948-இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணத்தை மறுத்தார். கைமுதல் குறைந்தவர்களுக்கு நெருக்கமாக நடுவதே கட்டுப்படியான முறை என்றும், கட்டுப்பாட்டுத் திட்டங்களில் அவர்களுடைய விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது என்றும் வாதிட்டார். பெரிய தோட்டத்தின் அளவுகோலைக் கொண்டு சிறிய தோட்டத்தை அளந்ததால் வந்த பிழை அது. சிறுதோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் உண்மை தெரிந்திருக்கும்; ஆனால் அளந்து எழுதிய பிறகே அது வாதமாக ஆனது.

நம் நாட்டில் இப்படி அளந்து காட்டும் கலையில் தேர்ந்தவர் பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ். ஒரு குடும்பத்தின் வறுமையை அறிய, அந்த வீட்டில் எத்தனை சாரோங் (கைலி) இருக்கிறது, அது ஆட்களின் எண்ணிக்கைக்கு ஈடாகிறதா என்று பார்த்தால் போதும் என்றார். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். வருமானத்தைக் கேட்டால் குறைத்தோ கூட்டியோ சொல்லும் வீட்டில், கொடியில் காயும் துணி பொய் சொல்வதில்லை. 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பற்றிய ஆய்வையும் அவரே நடத்தினார். அதே துண்டாடலுக்கு மாற்றாகத்தான் உங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய பெயர் நம் ஊர்களில் மேடைதோறும் ஒலிக்கிறது. உங்கு அசிஸின் அந்த ஆய்வைப் புரட்டிப் பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

இனிப் பிரிவுகள். நுண்பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், பொருளாதார அளவையியல் (பொருளாதாரத்தைப் புள்ளிவிவரங்களால் சோதிக்கும் முறை) ஆகிய மூன்றும் எல்லாப் பிரிவுக்கும் அடித்தளம். அவற்றைத் தவிர்த்துவிட்டு நேரே 'பயன்பாட்டு'ப் பிரிவுக்குத் தாவ முடியும் என்று நினைக்காதீர்கள். வேளாண் பொருளாதாரம் மண்ணோடும் பருவத்தோடும் பிணைந்தது. கித்தா (ரப்பர்) மரத்தில் கத்தி வைக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். செம்பனை ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் குலை தள்ளி, இருபத்தைந்து ஆண்டுகள் வரை பலன் தரும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் உண்மையில் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய விலையின் மீது பந்தயம் கட்டுகிறார். விலைக்கும் விளைச்சலுக்கும் இடையிலான இந்தக் காலத்தாழ்வை எப்படிக் கணிப்பது என்பது அத்துறையின் பழைய, இன்னும் சுவை குன்றாத கேள்வி. அம்மாவின் வேலை ஏன் மாறியது என்று நீங்கள் கேட்டால் அதற்கு விடை அங்கே இருக்கிறது. அம்மாவின் சம்பளம் ஏன் மாறியது, அல்லது மாறவில்லை, என்று கேட்டால் நீங்கள் போக வேண்டியது தொழிலாளர் பொருளாதாரத்துக்கு. கடிதத்தைப் படித்தவரையில் உங்கள் கேள்வி இரண்டாவது என்றே நினைக்கிறேன். சுற்றுச்சூழல் பொருளாதாரம் நல்ல துறைதான். உங்கள் கடிதத்தில் அதற்கான கேள்வி எதுவும் இல்லை.

தொழிலாளர் பொருளாதாரத்தில் நீங்கள் தொடக்கத்திலேயே படிக்கப்போகும் ஆய்வுகளில் ஒன்று டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் வெளியிட்டது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத்துத் துரித உணவகங்களிலும் வேலைவாய்ப்பு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று ஒப்பிட்டார்கள். ஆள் குறைப்பு நடந்தே தீரும் என்ற பாடநூல் கூற்றுக்கு அவர்களுடைய எண்கள் துணை நிற்கவில்லை. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் பேராசிரியர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இவர்கள் கண்டுபிடித்த விடைதான் அந்தப் பென்சில்வேனியா: உயர்த்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அது காட்டுகிறது.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி (ரிங்கிட்), சபா, சரவாக்குக்கு 800 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது. இது நமக்குக் கிடைத்த நியூ ஜெர்சி என்று உங்களுக்கு உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சபாவில் முன்பே நிலவிய சம்பளம் வேறு, ஆள் வரத்து வேறு, உயர்வோ இரு பக்கமும் ஒரே நாளில் நடந்தது. ஆகவே அந்த ஒப்பீடு நொண்டும். ஐந்து பேருக்கு மேற்படாத சிறு முதலாளிகளுக்கு மட்டும் ஆறு மாத அவகாசம் தரப்பட்டது ஒப்பிடுவதற்கு இன்னும் நல்ல பிளவு. ஆனால் தோட்டங்கள் அதற்குள் அடங்கமாட்டா. தோட்டத்துக்கு உரிய கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. வெட்டிய பாலின் எடைக்கும் இறக்கிய குலைக்கும் கூலி பெறுகிறவருக்கும் மாத வருமானம் அந்த அளவுக்குக் குறையக்கூடாது என்றது குறைந்தபட்சச் சம்பள ஆணை. அப்படியானால் நாளொன்றுக்கு எதிர்பார்க்கப்படும் வேலையின் அளவு ஏறியதா? விளைபொருளின் விலைக்கேற்பத் தரும் போனஸ் அடிப்படைச் சம்பளத்துக்குள் கரைந்ததா? வேலைக்கு அழைக்கும் நாட்கள் குறைந்ததா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு மட்டுமே கேட்கத் தோன்றும் கேள்விகள் இவை. அந்தக் குறைந்தபட்சத் தொகை 2022 மே மாதம் 1,500 வெள்ளியாகவும் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்திருப்பதால், ஒவ்வொரு படியிலும் அவற்றைத் திரும்பக் கேட்கலாம்.

எண்களை நம்பச் சொல்லும் நான் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் வறுமை விகிதம் பழைய கணக்கில் 0.4 விழுக்காடு. 2020-இல் வறுமைக்கோட்டு வருமானத்தை 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு மாற்றிப் புதிய முறையில் கணித்தபோது, அதே 2016 ஆண்டுக்கு 7.6 விழுக்காடு வந்தது. இடையில் யாரும் ஏழையாகவில்லை. அளவுகோல் மாறியது. வறுமைக்கோட்டை யார், எதை வைத்துப் போட்டார்கள் என்று முதலில் கேட்கும் பழக்கம், கணக்காய்வு அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்த உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதில் வரும்.

கணிதத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு ஆகிய மூன்றிலும் தடுமாற்றம் இருந்தால் முதல் பருவமே கசந்துவிடும். வகுப்பு தொடங்கும் முன் ஆறு மாதம் ஒதுக்கி, எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) கணிதப் புத்தகத்திலிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் செய்தேன். கூடவே ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் 1971-இல் வேளாண் பல்கலைக்கழகமாக உருவானது. வேளாண் பொருளாதாரத்துக்கு அங்கே வேர் ஆழம். ஆனால் ஆய்வு வழி முதுகலை என்றால் கட்டடத்தைப் பார்த்துச் சேராதீர்கள், மேற்பார்வையாளரைப் பார்த்துச் சேருங்கள். என் மேற்பார்வையாளர் பாதியில் ஓராண்டு விடுப்பில் வெளிநாடு போய்விட்டார். என் ஆய்வும் ஓராண்டு அசையாமல் கிடந்தது. நீங்கள் எழுத விரும்பும் துறையில் அவர் கடைசியாக எழுதியது எப்போது, அடுத்த இரண்டு ஆண்டுகள் ஊரில் இருப்பாரா என்று முன்கூட்டியே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அளவையியல் பலவீனம் என்று நினைத்தால், பாட வகுப்புகளும் சிறிய ஆய்வும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். தனி ஆய்வு முறையில் உங்களை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தர யாரும் இருக்கமாட்டார்கள். கட்டணத்துக்கு உங்கள் சொந்த இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க முடியும். பெற்றோரும் பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம் என்றாலும், அம்மாவின் பணத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மைலோ டின்னுக்கு வருகிறேன். ஒருவருடைய சீட்டுகளைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. அதை ஆய்வேட்டின் ஆதாரமாக வைத்தால் அதே பழைய கேள்வி உங்களிடமும் வரும். ஆனால் எந்தெந்தக் கட்டங்களில் என்னென்ன பெயரில் பணம் வந்தது, எது மறைந்தது, எது புதிதாக முளைத்தது என்பதை அது காட்டும்; பிறகு நூறு பேரிடம் கேட்க வேண்டிய வினாப்பட்டியலை அதிலிருந்துதான் எழுத வேண்டும். மை மங்குவதற்குள் எல்லாவற்றையும் படம் எடுத்து, மாதவாரியாக அடுக்குங்கள். 2013 ஜனவரிக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு மாதச் சீட்டுகள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.