காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அவர் சொன்னது பொய்யா?

வணக்கம். நீங்கள் ஆலோசகராக அமர்த்த நினைக்கும் பொறியாளர் தமக்கு இரண்டு காப்புரிமைகள் இருப்பதாகச் சொன்னார் என்றும், ஆவணத்தில் உரிமையாளராக ஒரு நிறுவனமே இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து அவரைப் பொய்யர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

காப்புரிமை ஆவணத்தின் முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிறு எண்கள் தெரியும். 72-க்கு எதிரே கண்டுபிடித்தவரும், 73-க்கு எதிரே உரிமை பெற்றவரும் இருப்பார்கள். பணியில் இருக்கும்போது கண்டுபிடித்ததன் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே போய்விடுவதால், இரண்டு பெயர்களும் வேறாக இருப்பது இயல்புதான். சொல்லப்போனால், நீங்கள் சந்தேகப்படும் அந்தப் பக்கமே, விண்ணப்பித்த தேதியையும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால், அவர் அங்கே வேலை பார்த்ததற்கு நல்ல தடயம்.

நான் முதலில் பார்ப்பது ஆவண எண்ணின் கடைசி எழுத்தைத்தான். இன்று பெரும்பாலான காப்புரிமை அலுவலகங்களில் 'ஏ' என்பது வெளியிடப்பட்ட விண்ணப்பத்தை மட்டுமே குறிக்கும். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதங்களில் வெளியாகிவிடும் என்பதால், அதை வழங்கப்பட்ட காப்புரிமை என்று கொள்ள முடியாது. வழங்கப்பட்டதைக் குறிக்கும் 'பி' என்றிருந்தாலும், புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியாகி இருக்கலாம் என்பதால், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பேஸ்நெட்டில் அதன் சட்ட நிலையையும் பார்த்துவிடுங்கள்.

அவர் தொழில் உரிமமும் இருப்பதாகச் சொன்னால், அதை வழங்கிய அமைப்பின் பதிவேட்டிலேயே, பெயரால் அன்றி உரிம எண்ணால் தேடுங்கள். 'புதுப்பிக்கப்படவில்லை' என்பதும் 'ரத்து' என்பதும் ஒன்றல்ல. பணி வரலாற்றுக்கு அப்படிப் பொதுப் பதிவேடு எதுவும் கிடையாது. லிங்க்ட்இன்னில் இருப்பது அவரே எழுதியது என்பதால், அவருடைய ஒப்புதலோடு முந்தைய நிறுவனத்திடம் பணிக்காலத்தையும் பதவியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.