அலிடார் எதுல தோத்துச்சு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

போன வாரம் அமெரிக்க குதிரைப் பந்தய ட்ரிபிள் கிரவுன் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். 1919ல சர் பார்ட்டன்ல ஆரம்பிச்சு 2018ல ஜஸ்டிஃபை வரைக்கும் மொத்தமே 13 குதிரைதான் மூணு ரேஸையும் ஜெயிச்சிருக்குன்னு போட்டிருந்தீங்க, சரி. ஆனா கடைசி பாராவுல “ஜெயிச்ச குதிரைங்க பலதை விட எனக்கு அலிடார் ஒரு படி மேல”ன்னு ஒத்த வரி எழுதிட்டு போயிட்டீங்க. தேடிப் பாத்தா அது 1978ல மூணு ரேஸ்லயும் ரெண்டாவது வந்த குதிரை! ஒண்ணுகூட ஜெயிக்கல. சில்வர் சார்ம், ரியல் கொயட், ஸ்மார்ட்டி ஜோன்ஸ் எல்லாம் முதல் ரெண்டையும் ஜெயிச்சிட்டு மூணாவதுல கோட்டை விட்டதுங்க, அதுங்கள சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கலாம். அதிர்ஷ்டம் கெட்ட குதிரைன்னு பாவம் பாக்குறீங்களா, இல்ல தோத்தவங்கள தூக்கி வச்சு கொண்டாடுற நம்மூர் வழக்கமா? கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாவம்லாம் பாக்கல. அதிர்ஷ்டங்கற வார்த்தைய முதல்ல ஓரமா வச்சிடுவோம், ஏன்னா நீங்க சொன்ன அந்த மூணு குதிரையும் எதனால தோத்துச்சுன்னு கையில புடிச்சு காட்டிடலாம். அலிடாருக்குதான் காட்ட முடியாது. என் வாதமே அதான்.

புதுசா படிக்கிறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். மூணு வயசு குதிரைங்க மட்டும் ஓடுற மூணு ரேஸ். மே மாசம் முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி, ஒண்ணேகால் மைல். ரெண்டு வாரம் கழிச்சு வழக்கமா பால்டிமோர்ல ப்ரீக்னஸ், அது கொஞ்சம் கம்மி தூரம். அப்புறம் மூணு வாரத்துல நியூயார்க்ல பெல்மாண்ட், வழக்கமா ஒன்றரை மைல். அஞ்சு வாரத்துக்குள்ள மூணு பெரிய ரேஸ், அதுலயும் கடைசிதான் ரொம்ப நீளம், அந்த தூரத்த அந்த குதிரைங்க அதுக்கு முன்னாடி ஓடியே இருக்காது, திரும்ப ஓடப் போறதும் பெரும்பாலும் இல்ல. இதுல ரெண்டு ரேஸ் ஜெயிச்சு அசந்து போய் வர்ற குதிரைய, நடுவுல ரெஸ்ட் எடுத்துட்டு தெம்பா வந்து நிக்கிற குதிரை மடக்கறது பெல்மாண்ட்ல சகஜம். 1978க்கு அப்புறம் 2015ல அமெரிக்கன் ஃபேரோ வர்ற வரைக்கும் 37 வருஷம் யாருமே ஜெயிக்கல. நடுவுல 13 குதிரை முதல் ரெண்டையும் ஜெயிச்சு பெல்மாண்ட் வாசல் வரைக்கும் வந்துச்சுங்க, அதுல ஒண்ணு, ஐ’ல் ஹேவ் அனதர், ரேஸுக்கு முந்தின நாள் காலு வீங்கி விலகிடுச்சு.

இப்ப நீங்க சொன்னதுங்க. சில்வர் சார்ம், 1997. வெள்ளைச் சாம்பல் குதிரை, பக்கத்துல ஒரு குதிரை வந்து நின்னா போதும், அத விடவே விடாது, அப்படி ஒரு ரோஷம். டெர்பியும் ப்ரீக்னஸும் தலை வித்தியாசத்துலதான் ஜெயிச்சுது. பெல்மாண்ட்லயும் கடைசி ஸ்ட்ரெய்ட்ல (முடிவுக் கோட்டுக்கு முன்னாடி நேரா ஓடுற பகுதி) ஃப்ரீ ஹவுஸ்ங்கற குதிரைய மடக்கி முன்னாடி வந்திடுச்சு. அப்ப டச் கோல்டுங்கற இன்னொரு குதிரையோட ஜாக்கி (குதிரைய ஓட்டுறவரு) கிறிஸ் மெக்கரன் என்ன பண்ணினாருன்னா, சில்வர் சார்ம் பக்கத்துல ஒட்டிகிட்டே வராம நல்லா விலகி வெளிப்பக்கமா கொண்டு வந்தாரு. சில்வர் சார்ம் கண்ணுல எதிரியே படல, பட்டாதானே சண்டை போடும்? முக்கால் லெங்த்ல போச்சு (ஒரு லெங்த்னா ஒரு குதிரையோட நீளம்). அந்த டச் கோல்ட் ப்ரீக்னஸ்ல ஸ்டார்ட் எடுக்கும்போதே தடுக்கி மூக்கு தரையில படுற அளவுக்கு விழப் பாத்த குதிரைங்கறது தனிக் கதை.

ரியல் கொயட், அடுத்த வருஷம், அதே டிரெய்னர் பாப் பாஃபர்ட். வெறும் 17,000 டாலருக்கு வாங்கின குட்டி, முன்னாடி நின்னு பாத்தா ஒல்லியா தட்டையா இருக்கும்னு லாயத்துல அதுக்கு ‘மீன்’னு பட்டப்பேரு. பெல்மாண்ட் ஸ்ட்ரெய்ட்ல நாலு லெங்த் கிட்ட லீடு, ஸ்டாண்ட்ல இருந்தவங்க எல்லாம் கத்த ஆரம்பிச்சாச்சு. ஆனா ஜாக்கி கென்ட் டெசோர்மோ சீக்கிரமே குதிரைய விரட்டிட்டாருன்னு அப்பவே பேச்சு, கடைசி நூறு மீட்டர்ல பெட்ரோல் தீந்த வண்டி மாதிரி ஆயிடுச்சு, விக்டரி கேலப் வந்து கோட்டுல மூக்க நீட்டிடுச்சு. ஃபோட்டோ ஃபினிஷ். ட்ரிபிள் கிரவுன் ஜெயிச்சா 50 லட்சம் டாலர் போனஸ் வேற இருந்துச்சு, கமென்டேட்டர் டாம் டர்கின் மைக்லயே இந்த ஃபோட்டோவோட விலை அஞ்சு மில்லியன்னு சொன்னாரு. இதுல கூத்து என்னன்னா விக்டரி கேலப் மேல உக்காந்திருந்த கேரி ஸ்டீவன்ஸ்தான் முந்தின வருஷம் சில்வர் சார்ம் மேல உக்காந்து தோத்தவரு.

ஸ்மார்ட்டி ஜோன்ஸ் கதை 2004. அதுவரைக்கும் தோல்வியே கிடையாது, ப்ரீக்னஸ பதினொன்றரை லெங்த்ல ஜெயிச்சிட்டு வந்துச்சு, பெல்மாண்ட்ல 1,20,000 பேருக்கு மேல கூட்டம். மத்த ஜாக்கிங்க நடு வழியிலயே அத மாத்தி மாத்தி சீண்டி ஓட வச்சாங்க, மூச்சு தீந்த நேரத்துல பேர்ட்ஸ்டோன்னு பந்தயம் கட்டுறவங்க கணக்குல 36க்கு 1ல இருந்த, யாரும் நம்பாத ஒரு குதிரை வந்து ஒரு லெங்த்ல அடிச்சிட்டு போச்சு. ஜெயிச்ச ஓனரம்மாவும் ஜாக்கியும் மன்னிப்பு கேட்டாங்க பாருங்க, அந்த மாதிரி ரேஸ் நான் வேற கேள்விப்பட்டதில்ல.

ஆக தூரம், அவசரம், எதிரி கண்ணுல படாம வந்தது, நடுவுல சீண்டினது. எல்லாத்துக்கும் ஒரு காரணம்.

இப்ப அலிடாருக்கு வருவோம். கென்டக்கில கேலுமெட் ஃபார்ம்னு ஒரு காலத்துல டெர்பி டெர்பியா ஜெயிச்ச பண்ணை, எழுபதுகள்ல நொடிஞ்சு கிடந்துச்சு, அங்க பொறந்த செந்நிறக் குதிரை. ஓனர் மார்க்கி தம்பதி ரெண்டு பேருமே வயசாகி உடம்பு முடியாதவங்க. டெர்பிக்கு முன்னாடி கீன்லேண்ட்ல ப்ளூ கிராஸ்னு ஒரு ரேஸ், அன்னிக்கு அவங்கள கார்லயே கூட்டிட்டு வந்து வேலி ஓரமா நிறுத்தினாங்க, ஜாக்கி ஹோர்ஹே வெலாஸ்கஸ் ஸ்டார்ட்டுக்கு போற வழியில குதிரைய அவங்க கிட்ட கொண்டு போய் நிறுத்தி காட்டிட்டு போனாரு, அப்புறம் 13 லெங்த்ல ஜெயிச்சாரு. டெர்பில அலிடார்தான் ஃபேவரிட்.

எதிர்ல அஃபர்ம்ட், அந்த வருஷம் மூணையும் ஜெயிச்ச குதிரை. ஜாக்கி ஸ்டீவ் காத்தன், வயசு 18. ரெண்டு குதிரையும் ரெண்டு வயசுலயே ஆறு தடவ மோதி நாலுக்கு ரெண்டுன்னு அஃபர்ம்ட் கை ஓங்கி இருந்துச்சு. டெர்பில அலிடார் ரொம்ப பின்னாடி தங்கிட்டு கடைசில வேகமா வந்து ஒன்றரை லெங்த்ல தோத்துச்சு, அதுக்கு வேணா சாக்கு சொல்லலாம். ப்ரீக்னஸ்ல ஸ்ட்ரெய்ட் முழுக்க கூடவே ஓடி கழுத்து வித்தியாசம்.

பெல்மாண்டுக்கு முன்னாடி டிரெய்னர் ஜான் வீச் அலிடாரோட கண்பட்டிய கழட்டிட்டாரு, எதிரிய நல்லா பாத்துகிட்டே ஓடட்டும்னு. மொத்தம் அஞ்சே குதிரை. காத்தன் முன்னாடி போய் ரேஸ ஆமை வேகத்துக்கு இழுத்துட்டாரு, முதல் அரை மைலுக்கு 50 செகண்ட், இப்படியே விட்டா அஃபர்ம்ட் அலுங்காம குலுங்காம ஜெயிச்சிடும்னு வெலாஸ்கஸுக்கு புரிஞ்சு போச்சு. அதனால காத்திருக்கவே இல்ல, கிட்டத்தட்ட ஏழு ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) மிச்சம் இருக்கும்போதே அலிடார கொண்டு போய் பக்கத்துல ஒட்டிட்டாரு. அங்கேர்ந்து ரெண்டும் தோளோட தோள், பின்னாடி வந்த மூணும் ரேஸ்லயே இல்ல. ஸ்ட்ரெய்ட்ல ஒரு கட்டத்துல அலிடார் மூக்கு முன்னாடி வந்திடுச்சு. அஃபர்ம்ட் உள்பக்கம் மாட்டிகிச்சு, அலிடார் அவ்ளோ நெருக்கி ஓடுறதால காத்தனுக்கு வலது கைய வீசி சாட்டை அடிக்க இடமில்ல. அந்த வேகத்துல சாட்டைய இடது கைக்கு மாத்தி அடிச்சாரு, அதுவரைக்கும் அந்த குதிரைய அவரு இடது கையால அடிச்சதே இல்லையாம். அஃபர்ம்ட் திரும்ப தலைய நீட்டுச்சு, அந்த தலை வித்தியாசத்துல ஜெயிச்சுது, அவ்ளோதான். 2 நிமிஷம் 26.8 செகண்ட், அவ்ளோ மெதுவா ஆரம்பிச்சும் அதுவரைக்கும் நடந்த பெல்மாண்ட்லயே மூணாவது வேகமான நேரம்.

இதுல அலிடார் பக்கம் என்ன தப்பு இருக்கு சொல்லுங்க? ஜாக்கி சரி, டிரெய்னர் சரி, தூரம் சரி, முன்னாடியும் வந்தாச்சு. மூணு ரேஸும் சேத்து கிட்டத்தட்ட ஆறேகால் கிலோமீட்டர் ஓடி, மொத்த வித்தியாசம் ரெண்டு லெங்த்கூட இல்ல, அஞ்சு மீட்டருக்குள்ள.

பின்னாடி வந்ததுங்களையும் பாருங்க. ப்ரீக்னஸ்ல மூணாவது குதிரை அலிடாருக்கு ஏழரை லெங்த் பின்னாடி. பெல்மாண்ட்ல 13 லெங்துக்கு மேல. அஃபர்ம்ட்ங்கற ஒத்த குதிரைய எடுத்துட்டா 1978 ட்ரிபிள் கிரவுன் அலிடாருக்கு, அதுவும் பெல்மாண்ட்ட 13 லெங்த்ல ஜெயிச்ச குதிரைன்னு பேரு. உங்க லிஸ்ட்ல இருக்கற ஜஸ்டிஃபை பெல்மாண்ட்ட ஜெயிச்சது ஒண்ணேமுக்கால் லெங்த்ல. இதனாலதான் அந்த வரிய எழுதினேன். அஃபர்ம்ட விட பெரிய குதிரைன்னு நான் எங்கயும் சொல்லல, 10 தடவ மோதி 7க்கு 3, அந்த மூணுலயும் ஒண்ணு ட்ராவர்ஸ் ரேஸ்ல அஃபர்ம்ட் வழி மறிச்சதுன்னு தகுதி நீக்கம் பண்ணினதால கிடைச்சது, அதுல பேச்சுக்கே இடமில்ல.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஸ்டட்ல (இனப்பெருக்கத்துக்கு) விட்டதுக்கு அப்புறம் நிலைமை தலைகீழ். அலிடாரோட பிள்ளைங்க அலிஷீபா 1987லயும் ஸ்ட்ரைக் த கோல்ட் 1991லயும் டெர்பி ஜெயிச்சுதுங்க, அஃபர்ம்ட் பிள்ளைங்கள்ல ஒண்ணுகூட டெர்பி ஜெயிக்கல. இன்னொரு பையன் ஈஸி கோயர், 1989ல அப்பன் மாதிரியே டெர்பில ரெண்டாவது, ப்ரீக்னஸ்ல மூக்கு வித்தியாசத்துல ரெண்டாவது, ரெண்டுலயும் ஜெயிச்சது சண்டே சைலன்ஸ். பெல்மாண்ட்ல ஈஸி கோயர் எட்டு லெங்த்ல அத அடிச்சு ட்ரிபிள் கிரவுன தடுத்துச்சு. அந்த சண்டே சைலன்ஸ அமெரிக்கால பெருசா யாரும் சீந்தல, ஜப்பான்காரங்க வாங்கிட்டு போனாங்க, 1995லேர்ந்து 13 வருஷம் தொடர்ந்து அங்க அதான் நம்பர் ஒன் தகப்பன். அதோட மகன் டீப் இம்பாக்ட் 2005ல ஜப்பான் ட்ரிபிள் கிரவுன் ஜெயிச்சுது, பேரன் ஓர்ஃபெவ்ர் 2011ல ஜெயிச்சுது. அந்த ஓர்ஃபெவ்ர் 2012ல பாரிஸ்ல ஆர்க் ரேஸ்ல தனியா முன்னாடி போயிட்டு, கடைசில உள்பக்கமா சாஞ்சு வேலிய ஒட்டிப் போய் கழுத்து வித்தியாசத்துல தோத்தது இன்னொரு பெரிய கதை, தனியா எழுதறேன்.

1978 பெல்மாண்ட் யூட்யூப்ல கிடைக்குது. முதல் நிமிஷத்துல பொறுமை போயிடும், ஓட்டிடாதீங்க, அந்த மெதுவான முதல் அரை மைல் பாத்தாதான் வெலாஸ்கஸ் ஏன் அவ்ளோ சீக்கிரம் கிளம்பினாருன்னு புரியும். கூடவே 1998 ரேஸையும் பாத்துட்டு, டெசோர்மோ பண்ணினது அவசரமா இல்லையான்னு உங்க கருத்த எழுதுங்க, எனக்கு அவசரம்னுதான் தோணுது.