மதுரைப் பக்கம் பாழடைந்த பழைய சிறையைப் படம் எடுக்க முடியுமா?

மதுரை மத்திய சிறை பழையதுதான், ஆனால் இன்றும் கைதிகள் இருக்கும் இடம். அங்கே கேமராவைத் தூக்கினால் வம்பு. பேசாமல் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு வண்டியை விடுங்கள். மதுரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்.

17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் கட்டியது. பிறகு ஹைதர் அலி, திப்பு கைக்கு வந்து, 1790-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மேலே கைதிகளை அடைத்த அறைகள் இன்னும் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம், டிக்கெட் உண்டு. கேமராவை நிறுத்தும் முக்காலி (டிரைபாட்) கொண்டுபோக முன்அனுமதி வேண்டும். ட்ரோனை மறந்துவிடுங்கள்.

காலையிலேயே ஏறிவிடுங்கள். பதினொரு மணிக்குமேல் பாறை தோசைக்கல்தான்.

உண்மையான சவால் வெளிச்சம். உள்ளே கும்மிருட்டு, வாசலில் கண்கூசும் வெயில். நான் முதலில் எடுத்த படங்களில் எல்லாம் வாசல் வெறும் வெள்ளைத் திட்டு. அதனால் வெயில் விழும் இடத்துக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, வையுங்கள்; ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுங்கள். நிழலான பகுதியைப் பிறகு எடிட்டிங்கில் பிரகாசமாக்கிக்கொள்ளலாம். வெள்ளையாகிப் போனதை மீட்கவே முடியாது. போன் என்றால் திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பிரைட்னஸைக் கீழே இழுத்தால் போதும். முக்காலி இல்லாத குறைக்கு, சுவரில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-இல் வைத்து எடுக்கலாம். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். சாய்வாக விழும் வெளிச்சத்தில்தான் செங்கல் விளிம்பும் காரை உதிர்ந்த பள்ளமும் தெரியும். ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

சுவரில் காதலர் பெயர்கள் கிறுக்கியிருந்தால் ஒதுக்காதீர்கள், அதையும் ஒரு படம் எடுங்கள்.