எந்த வேலையாக இருந்தாலும்

அன்புள்ள சார்,

வணக்கம். கரூர் பக்கம் எங்கள் ஊர். கோவையில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இப்போது டெக்ஸாஸில் எம்.எஸ். இரண்டாம் வருடம் படிக்கிறேன். வரும் மே மாதம் படிப்பு முடிகிறது. போன கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லை. யுனிவர்சிட்டி டைனிங் ஹாலில் தட்டு கழுவினேன். இதுவரை 400 விண்ணப்பங்களுக்கு மேல் போட்டிருக்கிறேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்று கேட்டதோடு மூன்றும் முடிந்தது.

ரூம்மேட் ஒருத்தி கன்சல்டன்சியில் சேர்ந்துவிட்டாள். ஆறு வருட அனுபவம் என்று ரெஸ்யூமேவை அவர்களே எழுதித் தருகிறார்கள். இன்னொருத்தி, சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை பார்க்க விடும் கல்லூரியில் இரண்டாவது எம்.எஸ். போடலாம் என்கிறாள். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கியிருக்கிறார். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். லீவில் அங்கே போய் சீட் ஃபிரேமுக்கு ஒரு வெல்டிங் ஃபிக்ஸ்சர், அதாவது வெல்டு போடும்போது குழாய்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு, செய்து கொடுத்தேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இன்றும் கிண்டல் செய்வார்.

எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை சார். பைத்தான் படித்து டேட்டா பக்கம் போய்விடட்டுமா? ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு 'வேண்டாம்' என்று போடலாமா? இல்லை, ஊருக்கே திரும்பிவிடட்டுமா? என் பெயர் வேண்டாம் சார்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்னால் வருகிற ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை சார்." எங்கள் தொழிற்சாலையில் இப்போது ஆள் எடுக்கிறோம், நேர்முகக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். வருகிற நம் பிள்ளைகள் ஒருவர் விடாமல் இதையேதான் சொல்கிறார்கள், ஆங்கிலத்தில், இன்னும் பணிவாக. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவர்களைத் திட்ட முடியாது. அந்தப் பாக்கியும் சேர்ந்து உங்கள் தலையில் விழப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு 'வேண்டாம்' என்று போடக்கூடாது. விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். இந்த நாட்டில் வேலை பார்க்கச் சட்டப்படி அனுமதி உண்டா என்பது ஒன்று. ஓ.பி.டி., அதாவது படிப்பு முடித்தவர்கள் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி, இருந்தால், உண்டு. இப்போதோ பின்னாலோ விசாவுக்கு நிறுவனத்தின் தயவு தேவைப்படுமா என்பது அடுத்தது. அந்தப் 'பின்னாலோ' உங்களுக்காகவே போட்டது. தேவைப்படும் என்று எழுதுங்கள். சீனியர்கள் வேறு மாதிரி சொல்லித்தருவார்கள், காதில் வாங்காதீர்கள்.

பைத்தான் படியுங்கள், யார் வேண்டாம் என்றது? மெக்கானிக்கலை விட்டு ஓடுவதற்காகப் படிக்காதீர்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்புவதில் ஒரு அவமானமும் இல்லை. ஆனால் மே மாதம் முடியப்போகிற படிப்புக்கு அக்டோபரிலேயே பெட்டி கட்டவேண்டாம். எச்-1பி என்கிற வேலை விசாவுக்கான குலுக்கல், வருடத்துக்கு 65,000 இடம், இங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000, இதெல்லாம் உங்கள் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பைக் காட்டி உங்கள் நண்பர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். இங்கேயே படித்து, மாணவர் விசாவிலிருந்து உள்ளுக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு அது கிடையாது என்று குடியேற்றத் துறை அடுத்த மாதமே விளக்கம் சொல்லிவிட்டது. விடுங்கள்.

கன்சல்டன்சி விஷயத்தை அப்படி விட முடியாது. நீங்கள் அதை ஏதோ பக்கத்துக் கடை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஆறு வருட அனுபவம் என்று ஒருவன் எழுதிக்கொடுக்கிறான். நேர்முகத்தில் பின்னாலிருந்து வேறொருவன் பதில் சொல்லுவான், இவள் வாயை அசைக்கவேண்டும். இதைச் செய்ய இவள் சம்பளத்தில் அவனுக்குப் பங்கு. அந்தப் பொய் அனுபவச் சான்றிதழ் நாளைக்கு விசா மனுவோடு சேர்ந்து அரசாங்கத்தின் மேஜைக்குப் போகும். பிடிபட்டால் வாழ்நாள் முழுக்க இந்த நாட்டுக்குள் நுழைய முடியாதபடி தடை விழலாம். அப்போது அவன் வேறு பெயரில் போர்டு மாட்டியிருப்பான். இரண்டாவது எம்.எஸ். யோசனை சொன்ன தோழியிடம் மிச்சிகனில் இருந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேளுங்கள். வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது, பணம் கட்டினால் மாணவர் விசா மட்டும் உயிரோடு இருக்கும். 2019 ஜனவரியில்தான் தெரிந்தது, அதை நடத்தியவர்களே குடியேற்றத் துறையின் மாறுவேட அதிகாரிகள் என்று. சேர்ந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து வழக்கில் மாட்டியவர்களும் இந்தியர்கள்தான். அரசாங்கமே வலை விரித்தது நியாயமா என்று ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் அப்பா வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தது இதற்கா?

சரி. இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

"எந்த வேலையாக இருந்தாலும்" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வறுமையோ பணிவோ இல்லை. கேம்பஸ் இன்டர்வியூ. நம்மூர் கேம்பஸ் இன்டர்வியூ ஒரு கல்யாணப் பந்தி. நேரத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும், இலையில் வந்து விழும். கம்பெனி கல்லூரிக்கே வருகிறது. மெக்கானிக்கல், சிவில், ட்ரிபிள்-ஈ எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து ஆப்டிட்யூட் வைக்கிறது. நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போகிறது. என்ன வேலை என்பது பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு அவர்களே முடிவு செய்வார்கள். எந்த ஊர்? எங்கே வேண்டுமானாலும். எந்த ஷிஃப்ட்? எதுவானாலும். அங்கே அதுதான் சரியான பதில், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது கூட்டம். நான்கு வருடம் அந்தப் பதிலுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள், மாக் இன்டர்வியூ வைத்து, டை கட்டிவிட்டு.

இங்கே ஆள் தேடுவது ஒரு மேனேஜர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு காலி நாற்காலி. அதில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அல்லது புதிதாக ஒரு லைன் போட்டு அது தினமும் நின்றுகொண்டிருக்கிறது. இரவில் அவருக்குத் தூக்கம் வராத காரணம் ஒன்றே ஒன்று, அது வெல்டிங் போட்டதும் வளைந்துபோகிற ஒரு பிராக்கெட்டாக இருக்கலாம். அவர் முன்னால் போய் உட்கார்ந்து, எதுவானாலும் செய்வேன் என்றால் அவருக்கு அது எப்படிக் கேட்கும்? இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது என்றுதான் கேட்கும். நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். அவர் காதில் விழுவது கொட்டாவி.

நான் பார்க்கிற ரெஸ்யூமேக்களில் சாலிட்வொர்க்ஸ், ஆன்ஸிஸ், கட்டியா, மேட்லேப், பைத்தான் என்று ஒரு மென்பொருள் பட்டியல் இருக்கும். ஆன்ஸிஸில் என்ன செய்தாய் என்று கேட்டால் "கோர்ஸ் ப்ராஜெக்ட்" என்று பதில் வரும். அடுத்து ஒரு உள்ளூர்ப் பையன் வருவான். மார்க் நம் பிள்ளைகளைவிடக் குறைவு. மாணவர் போட்டிக்கு அவர்கள் கட்டிய பாஹா காரில் சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் விடாமல் பேசுவான். எங்கே விரிசல் விட்டது, முதலில் எதைத் தப்பாகச் சந்தேகப்பட்டான், யாரோடு சண்டை போட்டான், எல்லாம் சொல்வான். குழுவில் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் முன்னால் வந்துபோன நாமக்கல் பையனும் பட்டறையில் வளர்ந்தவன்தான். கேட்டால்தான் தெரிகிறது. அவன் அதை ரெஸ்யூமேவில் போடவே இல்லை.

நீங்களும் போட்டிருக்கமாட்டீர்கள். பந்தயம் கட்டுகிறேன். சீட் ஃபிரேமுக்கு ஃபிக்ஸ்சர் செய்தவள் நீங்கள், அதை அப்பாவின் கிண்டலாக எனக்குச் சொல்கிறீர்கள்! அது என்ன வேலை தெரியுமா உங்களுக்கு? அதற்கு இந்த நாட்டில் தனிப் பதவியே இருக்கிறது, மேனுஃபாக்ச்சரிங் இன்ஜினியர் என்று பெயர். பஸ் கட்டுகிற ஊர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவில் ஃபோர்ட் வேலி, அங்கே ப்ளூ பேர்ட் பள்ளிப் பேருந்து கட்டுகிறார்கள். வட கரோலினாவில் ஹை பாயின்ட், தாமஸ் பில்ட். உங்களுக்குப் பக்கத்து மாநிலம் ஓக்லஹோமாவில் டல்ஸா, ஐ.சி. பஸ். கன்சாஸில் சவுத் ஹட்சின்சன், காலின்ஸ். மின்னசோட்டாவில் செயின்ட் க்ளவுட், நகரப் பேருந்துகள். இன்டியானாவில் எல்கார்ட் என்று ஒரு ஊர், சுற்றிலும் வீட்டுவண்டி கட்டும் தொழிற்சாலைகள். விஸ்கான்சினில் ஆப்பிள்டன், தீயணைப்பு வண்டி. இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் சதுரக் குழாயை வெட்டி, ஜிக்கில் மாட்டி, வெல்டு போட்டு, கோணல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது கரூரில் உங்கள் அப்பா செய்கிற வேலை. உங்கள் 400 விண்ணப்பங்களில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? டெஸ்லா எத்தனை தடவை இருக்கிறது? ராக்கெட் கம்பெனிகளுக்கும் போட்டிருப்பீர்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் குடிமக்களையும் பச்சை அட்டைக்காரர்களையும்தான் எடுப்பார்கள் என்று விளம்பரத்தின் அடியிலேயே எழுதியிருக்கும். யாரும் அதுவரை படிப்பதில்லை.

இந்த ஊர்க்காரர்கள் உங்களைக் கட்டாயம் எடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த வேலை எது என்று முடிவு செய்துவிட்டால் தேடவேண்டிய இடம் தானாகத் தெரியும் என்கிறேன்.

நான் படித்து முடித்தது 2001 டிசம்பரில், ஓஹாயோவில். இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்று மாதம். அப்போது எச்-1பி இடங்கள் 1,95,000. அந்த ஆண்டுகளில் அது நிரம்பவே இல்லை. விசா கொட்டிக்கிடந்தது, வேலைதான் இல்லை. வந்திருந்த ஓரிரு வாய்ப்புகளையும் கடிதம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கோவைக்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது ஃபவுண்டரி, உலோகத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கிற தொழில். நூலகத்தில் தாமஸ் ரிஜிஸ்டர் என்று தடித்தடியான தொகுதிகள் வரிசையாக இருக்கும், எந்தப் பொருளை எந்த ஊரில் யார் செய்கிறார் என்ற விவரத்தோடு. காஸ்டிங், அதாவது வார்ப்பு, என்ற தலைப்பை எடுத்து ஓஹாயோ முகவரிகளைக் குறித்துக்கொண்டு சின்னச் சின்ன ஃபவுண்டரிகளுக்கு ஃபோன் செய்தேன். ஒரு இடத்தில் பிளான்ட் மேனேஜரே எடுத்தார். வேலை இல்லை, வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். கிரேஹவுண்ட் பஸ் பிடித்துப் போனேன். கழித்துப்போட்ட காஸ்டிங் குவியலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாவற்றிலும் ப்ளோ ஹோல், காற்று அடைபட்டு விழுந்த ஓட்டை. ஏன் என்று கேட்டார். மணலின் ஈரமும், காற்றை வெளியே விடுகிற பெர்மியபிலிட்டியும் என்ன அளவு என்று சொன்னால்தான் சொல்லமுடியும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இங்கே அதை ஒழுங்காக யாரும் குறித்துவைப்பதில்லை, அதுதான் பிரச்சினை என்றார். மதியச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை. ஆனால் வேறொரு ஃபவுண்டரிக்கு ஃபோன் போட்டு, மணலைப் பற்றிக் கேள்வி கேட்கிற ஒரு பையன் இருக்கிறான் என்று சொன்னார். அங்கேதான் சேர்ந்தேன். இன்றைக்கு அந்தத் தொகுதிகள் இல்லை, எல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. ஃபோன் செய்யத்தான் உங்களுக்குக் கூச்சம்.

சின்னத் தொழிற்சாலையில் எச்.ஆர். என்று ஒரே ஒருவர் இருப்பார். ஓ.பி.டி. என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. வெளிநாட்டு மாணவர் என்றதும் வக்கீல் செலவு நினைவுக்கு வந்து பயந்துவிடுவார். அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள்: 12 மாதம் ஓ.பி.டி., பொறியியல் படிப்பு என்பதால் மேலும் 24 மாதம். இந்த மூன்று வருடத்துக்கு விசா மனுச் செலவு நிறுவனத்துக்குக் கிடையாது. நீட்டிப்புக்கு அவர்கள், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசாங்க இணையதளமான ஈ-வெரிஃபையில் பதிந்திருக்கவேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குள் எச்-1பி குலுக்கலுக்கு மூன்று மார்ச் மாதங்கள் கிடைக்கும். மாணவர் விசாவில் வந்த முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் கிடையாது என்பதால் நிறுவனத்துக்கும் அதன் பங்கான 7.65 சதவீதம் மிச்சம். இந்தக் கடைசி விஷயத்தை அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முதல் வரியாகச் சொன்னால் நன்றாக இருக்காது.

தேதிகளைக் கோட்டை விடாதீர்கள். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே ஓ.பி.டி.க்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது பிப்ரவரி. தொடங்கும் தேதியை, படிப்பு முடிந்த 60 நாளுக்குள் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேதியிலிருந்து வேலையில்லாமல் இருக்க 90 நாள்தான் அனுமதி. வேலை கையில் இல்லையென்றால் அவசரப்பட்டு மே மாதத் தேதியைப் போடாமல் தள்ளிப் போடுங்கள். வசந்த கால செமஸ்டரில் சி.பி.டி., அதாவது படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி, வழியாகப் பகுதிநேர இன்டர்ன்ஷிப்புக்கு உங்கள் துறை ஒத்துக்கொள்ளுமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

தட்டு கழுவியதை ஏன் அவ்வளவு துக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நானும் கழுவியிருக்கிறேன். சாப்பாடாவது ஒழுங்காகக் கிடைத்திருக்கும். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஃபிக்ஸ்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஃபிரேம் எப்படிக் கோணிக்கொண்டிருந்தது, எங்கே கிளாம்ப் வைத்தீர்கள், வெல்டர்கள் என்ன சொல்லிக் கேலி செய்தார்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஃபிரேம் கூடுதலாக வந்தது, எல்லாம் வேண்டும். எண்ணிக்கை ஞாபகம் இல்லையென்றால் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். படம் இருந்தால் படமும். ரெஸ்யூமே அனுப்பவேண்டாம்.

பி.கு.: இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் அதேதான். ரெஸ்யூமே வந்தால் திறக்கமாட்டேன்.