சரணாலயக் கரையில் ஆட்டுப் பாதையை மறித்தால்

கேள்வி: சாயல்குடி பக்கம், பறவைகள் சரணாலயக் கண்மாயை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் இருந்து அங்கே செம்மறிக் கிடை போடுகிறோம். ஆடும் வண்டியும் கண்மாய்க் கரை வழியாகத்தான் போய்வரும். எட்டு மாதத்துக்கு முன் அரசுத் தரப்பில் கரையில் கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார்கள். பாதை கிடைக்குமா? கண்மாயில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டலாமா? போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாமா?

பதில்: எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதுதான் எனக்குக் கவலை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தில் வழி, தண்ணீர் போன்றவற்றைப் புழங்கும் உரிமை பற்றிய சட்டம்) 15-ஆம் பிரிவுப்படி, அரசு நிலத்தில் நடைபாதை உரிமை கேட்க 30 வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு புழங்கியிருக்க வேண்டும். தனியார் நிலத்துக்கு 20 வருடம் போதும். ஆனால் தடை விழுந்தது தெரிந்தும் ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம்தான். இந்த வாரமே தாசில்தாருக்கும் வனச்சரகருக்கும் பதிவுத் தபாலில் ஆட்சேபணை அனுப்புங்கள். அதில் 'போக அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று எழுதவே கூடாது. அனுமதி கேட்டால், இத்தனை நாளும் தயவில்தான் நடந்தீர்கள் என்று ஆகிவிடும். 'மூன்று தலைமுறையாக நாங்கள் புழங்கிவரும் பாதையை மறித்திருக்கிறீர்கள்' என்று எழுதுங்கள். வழக்கு என்று போனால் தடை விழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அரசு மீது வழக்கு என்பதால் அதற்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

அப்புறம், தாலுகா அலுவலகத்தில் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (புல எண் வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு) நகலும் வாங்குங்கள். கரையோரம் 'வண்டிப்பாதை' என்று தனிப் புல எண் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அது பொதுப்பாதை, 30 வருடக் கணக்கே தேவையில்லை. அளந்து தடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். வெறும் கண்மாய்ப் புறம்போக்கு என்று இருந்தால் சிரமம்தான், மறைக்க விரும்பவில்லை. அப்போது பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பக்கத்து நிலமும் உங்களுடையதும் ஒரு காலத்தில் ஒரே சொத்தாக இருந்து, பிரித்ததால் வழி இல்லாமல் போயிருந்தால், அதே வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் அந்த நிலத்தின் வழியே பாதை கேட்க இடமுண்டு.

சரணாலயம் அறிவிக்கும்போது அங்குள்ளவர்களின் உரிமைகளைக் கலெக்டர் விசாரிக்க வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். பழைய உரிமையைத் தொடரவிடவும் 24-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் கண்மாய்கள் சரணாலயமானது 1998-இல். உங்கள் கண்மாய் எதுவாக இருந்தாலும், அந்த விசாரணைக் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் தாத்தா பெயர்கூட அதில் இருக்கலாம்.

தண்ணீர் விஷயம் வேறு. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அங்கே மேய்ச்சலே கூடாது. சரணாலயத்தில் அவ்வளவு கறார் இல்லை, வனத்துறை ஒழுங்குபடுத்தி மேய்ச்சலை விடலாம். ஆனால் தடுப்பூசி போடாத ஆட்டை உள்ளே விடக் கூடாது, கால்நடை மருந்தகச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வாய்க்கால் வெட்டியோ மோட்டார் வைத்தோ கண்மாய்த் தண்ணீரைத் திருப்பினால் வன உயிரினச் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் குற்றம். கருவேல மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கும் மாதங்களில் ஆட்டை நீர் ஓரத்துக்கே ஓட்டாதீர்கள். கிடை பக்கத்திலேயே தொட்டி கட்டித் தண்ணீர் காட்டுங்கள்.

உங்கள் நிலத்துக்குள் கிணறு தோண்ட உங்களுக்கு உரிமை உண்டு. கடலில் இருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் கடலோர விதிகளையும் பார்க்க வேண்டும். ஆனால் போர் வேண்டாம் என்பேன். நம் பக்கத்தில் மழைத் தண்ணீர் உவர்நீர் மேல் மெல்லிசாக மிதக்கிறது. முதல் வாளி இனிக்கும், மோட்டாரை ஓடவிட்டால் நாக்கில் உப்பு தட்டும், ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆழம் குறைந்த, அகலமான ஊற்றுக்கிணறு தோண்டி வாளியால் இறையுங்கள். கூடவே ஒரு பண்ணைக்குட்டை வெட்ட வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டிவிட்டால் இந்த வருடமே நிறையும்.